மிச்சம் வைக்கிறவர்

எங்கள் வீட்டில் எறும்பு குடியேறியதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள்தான் என்று அம்மா அடித்துச் சொல்வாள். அவர் டீயை முழுசாகக் குடிக்கமாட்டார். டம்ளரின் அடியில் ஒரு மடக்கு நிற்கும். அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். யாரையும் எடுக்கவும் விடமாட்டார். மத்தியானத்துக்குள் டம்ளரைச் சுற்றி எறும்பு மொய்த்துவிடும்.

"மாமா, இந்த ஒரு மடக்கையும் குடிச்சா உங்களுக்கு என்ன வந்துரப் போவுது?" என்று அம்மா கேட்பாள்.

"அவன் வரட்டும்ளா" என்பார்.

அவன் என்றால் என் அப்பா. இவர் அப்பாவின் தாய்மாமா, எனக்குத் தாத்தா முறை. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் யாரும் இவரைப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. தண்டல் என்பார்கள். தோணியை நடத்திக்கொண்டு போகிறவருக்கு அங்கே அதுதான் பட்டம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர், முழங்கால் இரண்டும் போனதும் கரையேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கல்யாணம் காட்சி ஒன்றும் கிடையாது. அவர் இறங்கிய தோணியில் அப்பா தண்டலாக ஏறினார்.

அப்பா ஊரில் இருக்கும் நாட்களில் அவர் எல்லாரையும் போல ஒரு மனிதர். அப்பா தோணி ஏறிய நிமிஷத்திலிருந்து மிச்சம் வைக்க ஆரம்பித்துவிடுவார். சோற்றில் ஒரு வாய். பேப்பரில் கடைசிப் பக்கம். முகம் வழித்துக்கொண்டால் தாடைக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்கு நரைமயிரை விட்டுவிடுவார். அந்தக் கோலத்தில் மாதா கோயில் பூசைக்குப் போய் முன்வரிசையில் உட்காருவார். எனக்கு மானம் போகும். பாட்டுப் பாடினால் கடைசி வரிக்கு வாயை மூடிக்கொள்வார். போனில் பேசி முடித்தால் சிவப்புப் பட்டனை அவர் அமுக்கமாட்டார், எதிரில் இருக்கிறவர்தான் வைக்க வேண்டும். மதுரையில் இருந்த எங்கள் அத்தையும் இவரும் ஒருநாள் பேச்சே இல்லாமல் கால்மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்குப் பட்டன் எது என்று தெரியாது.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடிக்கப் போனாராம். கீழே ஆள் இறங்கும், மேலே இவர் கயிற்றை விட்டுக்கொண்டே இருப்பார். "கயிறு முழுசையும் விட்டுரப்படாது. ஒரு பாகம் கையில நிக்கணும். அது போச்சுன்னா கீழ உள்ளவனை எதவச்சு இழுப்ப?" என்றார். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். விரித்துக் காட்டினார்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு, சயின்ஸ் குரூப். வாய் கொஞ்சம் நீளம். "தாத்தா, அது கயிறு. இது டீ" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ளா" என்றார்.

சீட்டு விளையாட உட்கார வைத்தது அம்மாதான். அதுவும் பாசத்தால் இல்லை. அப்பா கடலில் இருந்தால் இவர் காலை ஏழு மணிக்கே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பழைய துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஏஜென்ட் ஆபீஸில் போய் நின்று, "சேதி உண்டா? சேதி உண்டா?" என்று நச்சரிப்பார். தோணி கிளம்பி அரை நாள்கூட ஆகியிருக்காது. ஆபீஸ் பையன்கள் அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்புவார்கள். ஒருநாள் வழியில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாத்தாவ ஒரு இடத்துல உக்கார வைக்கது உன் பொறுப்பு. என்னமும் பண்ணு."

அவருக்குத் தெரிந்த ஆட்டமெல்லாம் நாலு பேர் வேண்டும். அந்த நாலில் மற்ற மூன்று பேரும் கல்லறைக்குப் போயாயிற்று. இரண்டு பேர் ஆட எனக்குத் தெரிந்தது கழுதை ஒன்றுதான். சீட்டு முழுவதையும் பங்கு வைக்க வேண்டும், ஆளுக்கு இருபத்தாறு. ஒருவர் இஸ்பேட் போட்டால் மற்றவரும் இஸ்பேட் போட வேண்டும். கையில் இஸ்பேட் இல்லையென்றால் வேறு எதையாவது போட்டு வெட்டலாம். வெட்டுப்பட்டவர் கீழே கிடப்பதை அள்ளிக்கொள்ள வேண்டும். கைச்சீட்டு முதலில் தீர்ந்தவர் ஜெயித்தார், மற்றவர் கழுதை. கழுதை மாதிரிக் கத்தியும் காட்ட வேண்டும்.

புயலில் தோணி ஓட்டிய மனுஷனைக் கழுதை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறோமே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "போடுளா" என்று சப்பணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். நான் நினைத்ததைவிடக் கில்லாடி. எந்தச் சீட்டு எவர் கையில் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருப்பார். "ஆர்ட்டின் ராணிய ஒளிச்சு வச்சு என்ன பண்ணப் போற, போடு" என்பார். எனக்கு முதல் வாரமே பிடித்துப்போய்விட்டது. ட்யூஷனிலிருந்து ஓடி வருவேன். வீட்டில் என்னிடம் மார்க்கைப் பற்றிப் பேசாத ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் ஒரு ஆட்டத்தையும் முடிக்கமாட்டார். எனக்கு மூன்று நான்கு சீட்டுதான் மிச்சம், இதோ ஜெயிக்கப்போகிறேன் என்று இருக்கும்போது கையைக் காட்டி நிறுத்துவார். "போதும். மிச்சம் அப்பா வந்தப்புறம்." என் கைச்சீட்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட், அவர் கைச்சீட்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட், வெளியே போனதற்கு ஒன்று. மூன்றையும் பழைய கொழும்பு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடுவார். மறுநாள் அதைக் கலைத்துப் புது ஆட்டம் போடுவார். அதுவும் முடியாது. முடியாத ஆட்டம் ஒன்று எப்போதும் அந்த டின்னுக்குள் கிடக்க வேண்டும், அதுதான் கணக்கு. மாதத்தில் இருபது நாள் ஜெயிக்கிற கையை வைத்துக்கொண்டு ஜெயிக்காமல் எழுந்து போகிறவளின் எரிச்சல் உங்களுக்குப் புரியுமா?

அந்த வருஷம் ஐப்பசியில் அப்பா மாலத்தீவுக்குக் கிளம்பினார். நாலு நாளில் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்ததும் அங்கிருந்து ஒரு போன் வரும். கிளம்பிய மூன்றாம் நாள் துறைமுகத்தில் ஒண்ணாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றினார்கள். நாலாம் நாள் போன் வரவில்லை. "காத்து எதுத்தா அஞ்சு நாளாவும்" என்றார் தாத்தா. ஐந்தாம் நாள் கூண்டு மூன்றாம் நம்பர் ஆனது. அவர் டீயில் ஒரு மடக்குக்குப் பதிலாக அரை டம்ளர் மிச்சம் வைத்தார்.

ஆறாம் நாள் மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. அம்மா கொடியிலிருந்த துணியை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். தாத்தா பூசைக்குப் போயிருந்தார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. யார் மீது கோபம் என்று தெரியாத ஒரு கோபம். ஜன்னல் கட்டையில் அந்த அரை டம்ளர் டீ. இந்தக் கிழவர் மிச்சம் வைத்து வைத்துத்தான் எதுவும் முடியாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று தோன்றியது. போய் டின்னைத் திறந்தேன்.

என் கையில் நாலு சீட்டு, அவர் கையில் ஒன்பது. தரையில் உட்கார்ந்து எனக்காகவும் ஆடினேன், அவருக்காகவும் ஆடினேன். நேர்மையாகத்தான் ஆடினேன். நாலாவது சுற்றில் என் கை தீர்ந்துவிட்டது. தாத்தா கழுதை. அப்பாடா என்று இருந்தது. சிரிப்புக்கூட வந்தது. சீட்டை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து டின்னில் போட்டு மூடினேன்.

பத்து நிமிஷம் இருக்காது. அம்மாவின் போன் அடித்தது.

ஏஜென்ட் ஆபீஸிலிருந்து. அப்பாவோடு அதே நாளில் கிளம்பிய இன்னொரு தோணி நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டதாம். இவர்களை வழியில் யாரும் பார்க்கவில்லையாம். அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். "அவிய தோணிய மட்டும் காணலயாம்ளா" என்றாள். நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். காலையில் தின்ற இட்லி அப்படியே வந்தது. அம்மா பயத்தில் வந்தது என்று நினைத்து முதுகைத் தடவினாள். நான்தான் முடித்துவைத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்குப் பதினாறு வயது, நியூட்டன் விதி மூன்றும் தலைகீழாகத் தெரியும், ஆனாலும் என் கைதான் அந்தத் தோணியை முக்கியது என்று நம்பினேன்.

தாத்தா நனைந்துகொண்டே வந்தார். சேதியைத் தெருமுனையிலேயே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். ஈரச்சட்டையோடு நேரே போய் டின்னை எடுத்தார். பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் எடுத்திருப்பார். ஆட்டியதும் சத்தம் வேறு மாதிரி வந்தது. திறந்தார். மூன்று ரப்பர் பேண்டும் தனியாகக் கிடந்தன, சீட்டு எல்லாம் ஒரே கட்டாக.

என்னைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்பளா?" என்றார், அம்மாவுக்குக் கேட்காத குரலில்.

"காலையில."

"போன் வாரதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்னாடி, தாத்தா."

கண்ணை மூடிக்கொண்டார். தாடைக்குக் கீழே வழிக்காமல் விட்ட அந்த வெள்ளை மயிர் துடித்தது. அவ்வளவு பயந்த ஒரு பெரியமனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. கடலைப் பார்த்துப் பயப்படாதவர் என்று ஊரெல்லாம் சொல்லும். கடலில் இருந்தவரைக்கும் பயப்படாமல் இருந்திருப்பார். கரையில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்காகக் காத்திருக்கிற தைரியம் அவருக்கு இல்லை. எனக்கும் இல்லை.

"தாத்தா, நான் வேணும்னு பண்ணல" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"சும்மா கெட. அழாத. உங்கம்மைக்குக் கேக்கப் போவுது." காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். சீட்டுக்கட்டை எடுத்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். விரலை எச்சில் தொட்டு, நிதானமாக. பாதியில் இருமல் வந்தது, குனிந்தார், மறுபடி எண்ணினார். கடைசிச் சீட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐம்பத்தொண்ணு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஒண்ணு குறையுதுளா. இந்தக் கட்டுல ஐம்பத்தொண்ணுதான் இருக்கு. கிளாவர் ஏழக் காணல. குறைஞ்ச கட்டுல ஆடுனா அது ஒரு ஆட்டமா? அதுக்கு ஜெயிப்பு ஏது, தோப்பு ஏது? நீ ஒண்ணையும் முடிக்கல."

முந்தின நாள்கூட ஆளுக்கு இருபத்தாறு போட்டது நான்தான். அது போக, அவருடைய நீட்டிய தொடைக்கு அடியில் ஒரு சீட்டின் மூலை தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்தார். சீட்டுக்கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"நம்பலன்னா நீயே எண்ணு."

எண்ணினேன். இரண்டு தடவை பாதியில் கணக்குத் தவறியது. மூன்றாவது தடவை முடிவு வரை எண்ணினேன்.

"ஐம்பத்தொண்ணுதான் தாத்தா" என்றேன்.

"அதத்தான நானும் சொன்னேன்" என்றார். எனக்கு முதல்முறையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

அதற்குப் பிறகு இரண்டு நாள். அம்மா அடுப்படியிலேயே செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தார் வந்து வந்து நின்றார்கள். நாங்கள் இருவரும் அந்த ஐம்பத்தொரு சீட்டை வைத்து விடாமல் ஆடினோம். கணக்கில் வராத ஆட்டம் என்பதால் ஒவ்வொன்றையும் கடைசி வரைக்கும் ஆடலாம் என்று அவரே கண்டுபிடித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு நான் ஜெயித்தேன் தெரியுமா? அடுத்தடுத்து மூன்று தடவை அவர் கழுதை. வாயைக் கோணிக்கொண்டு, நரம்பு புடைக்க, அச்சுஅசலாகக் கத்தினார். வீட்டுக்கு வந்திருந்த பெண்கள் கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியதுதான் தெரியும், அது அழுகையாகி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் சீட்டைக் கையில் வைத்தபடி அது ஓய்கிறவரைக்கும் ஆடாமல் இருந்தோம்.

எட்டாம் நாள் மத்தியானம் அப்பாவின் குரல் கேட்டது. எஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், வடக்கே ஏதோ ஒரு சின்னத் தீவின் மறைவில் ஒதுங்கியிருந்தார்களாம். மீன்பிடிக்க வந்த படகு ஒன்று கட்டியிழுத்து விட்டிருக்கிறது. தோணியில் இருந்த பத்துப் பேரும் பத்திரம். எஞ்சின் நின்றது கிளம்பிய மூன்றாம் நாள். நான் டின்னைத் திறந்ததோ ஆறாம் நாள். சந்தோஷம் தாங்காமல் தாத்தாவிடம் ஓடிப்போய்க் கணக்குச் சொன்னேன்.

"பாருங்க தாத்தா, நான் டின்னத் திறக்கதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே எஞ்சின் நின்னு போச்சு!"

"அது இப்பத் தெரியுது. அன்னைக்கு நமக்குத் தெரியாதுல்லா" என்றார். பிறகு ஜன்னல் கட்டைப் பக்கம் திரும்பி, "இந்தச் சவத்து எறும்பு என்னா மொய்ப்பு மொய்க்கு" என்று அம்மாவின் மாதிரியே சலித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கிளாவர் ஏழுக்கு இடம் அவருடைய சட்டைப் பை. அப்பா தோணி ஏறினால் சீட்டு பைக்குள் போகும். கரையேறினால் கட்டுக்குள் வரும். ஒருமுறை அம்மா கவனிக்காமல் சட்டையோடு துவைத்துவிட்டதில் அது ஊதிப்போய்விட்டது. கட்டோடு சேர்த்தால் தடிமனை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதனால் அப்பா ஊரில் இருக்கும்போது ஆடும் உண்மையான ஆட்டங்களில் அது எவர் கையில் இருக்கிறதென்று இருவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி ஆடுவோம்.

நான் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவர் போனார். காலையில் முகம் வழித்து, டீ குடித்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தவர்தான். அம்மா தோசை கொண்டுபோகும்போது ஆள் இல்லை. அப்பா மாலத்தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார், நடுக்கடல். வந்து சேர இன்னும் மூன்று நாளாவது ஆகும். அதுவரை வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

குளிப்பாட்டிய ஆட்கள் தாடைக்கு அடியில் இருந்த மயிரைப் பார்த்துவிட்டு சவரக்கத்தி கேட்டார்கள். "வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் அம்மா. பழைய சட்டையைக் கழற்றியதும் அதன் பையில் கைவிட்டு ஊதிப்போன அந்தச் சீட்டை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். புதுச்சட்டைப் பையில் அதை வைத்துவிட்டு, வெளியே தெரியாமல் உள்ளே தள்ளினாள். எங்கள் வீட்டு எறும்புக்கெல்லாம் அவர்தான் காரணம் என்று சொன்ன அதே அம்மா.

கல்லறைத் தோட்டத்தில் செபம் முடிந்து பெட்டியை மூடினார்கள். சவப்பெட்டிக்கடை அண்ணாச்சி ஆணி அடித்துக்கொண்டு வந்தார். தலைமாட்டில் இரண்டு, பக்கத்தில் இரண்டு இரண்டு, கால்மாட்டில் ஒன்று. கால்மாட்டில் இரண்டாவது ஆணியை நிறுத்திச் சுத்தியலை ஓங்கினார்.

"அண்ணாச்சி, அத அடிக்காதீங்க" என்றேன்.

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பங்குச் சாமியார் உட்பட எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏம்மா? ஒண்ணுதான பாக்கி."

"எங்கப்பா இன்னும் கடல்ல இருக்காங்க."

கூட்டத்தில் யாரோ, "பிள்ளைக்கு மனசு சரியில்ல, நீரு அடியும்" என்றார்கள். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். அவருக்கும் தண்டலைத் தெரியும். ஊரில் அவரோடு டீ குடித்த யாருக்குத் தெரியாது? ஆணியை விரலால் அசைத்துப் பிடுங்கி, என் உள்ளங்கையில் வைத்தார்.

"இறக்குங்கப்பா" என்றார்.

நாலாம் நாள் அப்பா கரையேறினார். துறைமுகத்திலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனோம். ஆணியைக் கொடுத்தேன், விஷயத்தைச் சொன்னேன். அப்பா அதைக் கல்லறைக் குருசுக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் குத்தி, கட்டைவிரலால் தலை மறைகிறவரை அமுக்கினார். "நான் வந்துட்டேன் மாமா" என்றார். அப்போதுதான் உடைந்து அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டீ கொடுத்தாள். அப்பா ஒரே மூச்சில் குடித்து வைத்தார். நான் மெதுவாகக் குடித்தேன். அடியில் ஒரு மடக்கு இருக்கும்போது நிறுத்திவிட்டேன்.

"குடிளா. நாந்தான் வந்துட்டேன்லா" என்றார் அப்பா.

வந்தது அப்பா மட்டும்தான். தாத்தா கிளம்பிப் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை. நான் எழுந்துபோய் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா காலி டம்ளர்களைப் பொறுக்க வந்தாள். கட்டையில் இருந்ததைப் பார்த்தாள். அதற்குள் இரண்டு எறும்பு ஏறியிருந்தது. அதை மட்டும் எடுக்காமல் போனாள்.